முதலாளி “ஒஃப்செட் பண்ணிடு” என்றால் எதை, யாருடையதை?

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது, சொந்த ஊர் ஹட்டன். புறக்கோட்டையில் ஒரு டைல்ஸ், ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன், ஸ்டொக் புத்தகமும் என் கையில்தான். உயர்தரத்தில் வர்த்தகம் தமிழில் படித்தவன். இங்கே வருகிற மெயில் எல்லாம் இங்கிலீஷ். இந்த மாதம் ‘ஒஃப்செட்’ என்ற சொல் மூன்று பக்கமிருந்தும் வந்து என்னைக் குழப்புகிறது.

ஒன்று: ஒரு கட்டடக் கொந்தராத்துக் கம்பனி எங்களுக்கு 472,000 ரூபா தர வேண்டும். அந்தக் கம்பனிக்காரரின் தம்பியிடம் சீமெந்துக் கல் வாங்கியதற்கு நாங்கள் 295,000 ரூபா கொடுக்க வேண்டும். “இரண்டையும் ஒஃப்செட் பண்ணிட்டு மிச்சத்துக்கு மட்டும் பில் போடு” என்கிறார் முதலாளி. இரண்டு: என் கிரெடிட் கார்ட்டில் பாக்கி இருந்தது. சம்பளம் விழுந்த அன்றே வங்கி 38,000 ரூபாவை எடுத்துவிட்டு ‘ஒஃப்செட்’ என்கிறது. மூன்று: ஸ்டொக் எண்ணியபோது 64,000 ரூபா சரக்கு குறைந்தது. அதை மூன்று மாதத்தில் என் சம்பளத்துக்கு ‘எகேன்ஸ்ட்’ ஒஃப்செட் செய்வதாக மெனேஜர் மெயில் போட்டார். கூடுதலாக இருக்கிற சரக்கோடு சரிக்கட்டப் போகிறார் என்று நினைத்து “நன்றி சேர், சம்மதம்” என்று பதில் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒஃப்செட் அச்சகத்து ஒஃப்செட் மட்டும்தான். சாதாரண தரம் படிக்கிற தங்கையும் இதை எப்படிப் பாவிப்பது என்று கேட்கிறாள்.

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் அடுத்த வாரம் வரை தாங்கும், இது தாங்காது.

மெனேஜர் எழுதியதன் அர்த்தம், குறைந்த 64,000 ரூபாவை மூன்று மாதமாக உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்பதுதான். நீங்கள் வேறு விதமாக விளங்கிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஒரு அளவு டைல்ஸில் பத்துப் பெட்டி குறைந்து, பக்கத்து ரகத்தில் பத்துப் பெட்டி கூடியிருந்தால் அதைச் சரிக்கட்டுவதையும் ஒஃப்செட் என்றுதான் ஸ்டொக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த வசனத்தில் ‘எகேன்ஸ்ட்’ என்பதற்குப் பின்னால் நின்றது உங்கள் சம்பளம். இனிமேல் இந்தச் சொல்லை எங்கே கண்டாலும் ‘எகேன்ஸ்ட்’டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள், காசு அங்கிருந்துதான் போகப்போகிறது.

இன்றைக்கே இன்னொரு மெயில் போடுங்கள். இங்கிலீஷ் வரவில்லை என்றால் தமிழில் போட்டாலும் பரவாயில்லை, மழுப்பாமல் இருந்தால் போதும்: “இன்ன திகதியில் நீங்கள் அனுப்பிய மெயிலை ஸ்டொக் சரிக்கட்டல் என்று விளங்கிக்கொண்டுதான் சம்மதம் என்று பதில் எழுதினேன். என் சம்பளத்தில் கழிப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. 64,000 ரூபா குறைவு எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விபரத்தையும் எண்ணிய தாள்களின் பிரதியையும் தாருங்கள். விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைப்பேன்.” இவ்வளவுதான். கோபம் வேண்டாம், மன்னிப்பும் நீளமாக வேண்டாம். இரண்டு மெயிலையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், ஒபீஸ் எக்கவுண்டை ஒருநாள் பூட்டிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குப் பெறுமதி இருக்கிறது. சம்பளத்திலிருந்து நினைத்ததையெல்லாம் நினைத்தபடி முதலாளி கழிக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட கழிவுகள்தான், அதுவும் ஊழியர் சம்மதித்தால்தான். சேமலாப நிதிக்குப் போகிற உங்கள் 8 சதவீதம் வேறு, அதைச் சட்டமே பிடிக்கச் சொல்கிறது. ஸ்டொக் குறைவு அப்படி இல்லை. விளங்காமல் போட்ட ஒரு வரிப் பதில் நாளைக்கு “அவரே ஒத்துக்கொண்டார்” என்று ஃபைலில் இருந்து எழுந்து வரும்.

இன்னொரு விஷயம், அந்த 64,000 ரூபா இன்னும் உங்கள் கடனே இல்லை. யார் பொறுப்பு என்று விசாரிக்கவில்லை, எண்ணியது சரிதானா என்று திரும்பப் பார்க்கவில்லை. டைல்ஸ் கடையில் ஸ்டொக் குறைவதற்குத் திருட்டைத் தவிர நிறையக் காரணங்கள் உண்டு. சரக்குத் தூக்குகிற நாட்டாமைமார் இறக்கும்போது உடைந்த பெட்டிகளை யாரும் எழுதுவதில்லை, ஷோரூமில் ஒட்டிக் காட்டிய சாம்பிள் சரக்குப் புத்தகத்தில் இன்னும் இருப்பில் கிடக்கும், வாங்கும்போது பெட்டிக் கணக்கு விற்கும்போது சதுர அடிக் கணக்கு என்று மாறி மாறிப் போடுவார்கள், எண்ணிய அன்று காலையில் லொறியில் ஏற்றிய சரக்குக்குப் பில் பின்னேரம்தான் அடித்திருப்பார்கள். எண்ணிய நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வார டெலிவரி நோட்டை எடுத்து பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மெயிலுக்குப் பிறகும் சம்பளத்தில் பிடித்தால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். தலைமையகம் நாரஹேன்பிட்டியில், ஆனால் உங்கள் கடை இருக்கிற பகுதிக்கான தொழில் அலுவலகத்திலேயே முறைப்பாடு கொடுக்கலாம். அதோடு, வேலையை விட்டுப் போகிற நாளில் “உன் சேமலாப நிதியில் ஒஃப்செட் பண்ணுவோம்” என்று யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் கடையின் கையில் இருக்கிற காசு அல்ல. பணிக்கொடையும் அப்படித்தான், ஐந்து வருடம் முடித்த ஒருவரின் பணிக்கொடையில் கை வைக்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுப்பது, மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம், முதலாளியின் பொருளுக்கு இழப்பு ஏற்படுத்தியது போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் மட்டும்தான், அதிலும் நட்டத்தின் அளவுக்கு மேல் போக முடியாது.

சரி, இப்போது முதலாளி சொன்னதற்கு வருவோம். நீங்கள் உயர்தரத்தில் எதிரீடு என்று படித்தது இதைத்தான். ஒருவர் நமக்குத் தர வேண்டியதும் நாம் அவருக்குத் தர வேண்டியதும் இருந்தால், இரண்டு செக் எழுதி மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக மிச்சத்தை மட்டும் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது. புறக்கோட்டையில் இது காலம் காலமாக நடக்கிறது, தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் முதலாளி சொன்னதில் இரண்டு பிழை இருக்கிறது, இரண்டுமே காசுப் பிழை.

முதல் பிழை ஆள் பற்றியது. உங்களுக்குத் தர வேண்டியது கம்பனி, நீங்கள் தர வேண்டியது தம்பிக்கு. “எல்லாம் ஒரே குடும்பம்தானே” என்பார்கள், கலியாண வீட்டில் அது சரி, லெட்ஜரில் சரியில்லை. நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு அடிப்படையாக இருக்கிற உரோமன் டச்சுச் சட்டம் கேட்பது சில சின்னக் கேள்விகள்தான். இரண்டு கடனும் அதே இரண்டு பேருக்கு இடையிலா? இரண்டும் ஒரே வகையா, அதாவது காசுக்குக் காசா? இரண்டுக்கும் தவணை வந்துவிட்டதா? இரண்டு தொகையும் தகராறு இல்லாமல் முடிவானதா? நான்குக்கும் ஆம் என்றால்தான் ஒன்றை மற்றதற்குச் சட்டப்படி கழிக்கலாம். உங்கள் விஷயம் முதல் கேள்வியிலேயே தடக்குகிறது. (மெனேஜரின் 64,000 கடைசிக் கேள்வியில் தடக்குகிறது, கவனித்தீர்களா?)

ஆட்கள் வேறு என்பதற்காக எதிரீடு நடக்கவே முடியாது என்று இல்லை, மூன்று பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நடக்கும். தம்பி தன் கடிதத்தில் “எனக்கு வர வேண்டிய 295,000 ரூபாவை என் அண்ணனின் கம்பனி உங்களுக்குத் தர வேண்டிய கணக்கில் வரவு வையுங்கள், அதன் பிறகு எனக்கு உங்களிடம் பாக்கி எதுவும் இல்லை” என்று எழுத வேண்டும். கம்பனி அதை ஏற்று, இயக்குநர் கையெழுத்தும் சீலும் வைக்க வேண்டும். உங்கள் முதலாளியும் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. இது இல்லாமல் நீங்கள் கழித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் காணித் தகராறில் பிரிந்த பிறகு, தம்பி தன் பில்லைத் தூக்கிக்கொண்டு வந்து “அண்ணன் கணக்கு எனக்குத் தெரியாது” என்பார். தெரியாது என்று சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருக்கிறது. இப்படி நின்றவர்கள் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை இருக்கிறார்கள்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது: மிச்சத்துக்கு மட்டும் பில் போடுவது. எதிரீடு என்பது கொடுக்கல் வாங்கலை முடிக்கிற வழி, விற்பனையைக் குறைக்கிற வழி அல்ல. நீங்கள் விற்றது 400,000 ரூபா சரக்கு, அதன் மேல் 18 சதவீத வற் வரி 72,000, மொத்தம் 472,000. பில் அதற்குத்தான் இருக்க வேண்டும், வரி அறிக்கையிலும் 72,000 தான் காட்ட வேண்டும். மிச்சமான 177,000 ரூபாவுக்கு மட்டும் பில் போட்டால் அதற்குள் இருக்கிற வரி 27,000 தான். “நாங்கள்தான் கல் வாங்கினோமே, அதன் வரியைக் கழித்தால் அதே 27,000 தானே வரும்” என்று முதலாளி கேட்பார், கெட்டிக்காரக் கேள்வி. தம்பி வற் வரிக்குப் பதிவு செய்து, 250,000 கல்லுக்கும் 45,000 வரிக்கும் முறையான வரிப் பட்டியல் தந்திருந்தால் 72,000இல் 45,000 கழிந்து 27,000 வரும், உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கல் அரிகிற சின்ன இடம் பெரும்பாலும் வற் வரிக்குப் பதிவாகி இருக்காது. அவர் தந்த 295,000 ரூபா பில்லில் வரி என்று ஒரு சதமும் இல்லை என்றால், நீங்கள் கழிக்கவும் ஒன்றும் இல்லை, 72,000 ரூபாவும் போக வேண்டும். 45,000 ரூபா குறைத்துக் கட்டிவிட்டு இருப்பீர்கள், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதைக் கண்டுபிடிக்கிற நாளில் தண்டமும் வட்டியும் சேர்ந்து வரும். அந்தக் கல் பில்லை எடுத்து, அதில் வற் இலக்கம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பதிவு செய்த தம்பியாக இருந்தாலும் மிச்சத்துக்குப் பில் போடுவது சரியாகாது. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதம், அது விற்பனையின் மேல் விழுவது. மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கு விற்பனையின் ஒரு பகுதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்றாலும், வாங்கிய பக்கத்து வரியைக் கழிக்கிற வழி அதில் இல்லை. விற்பனையை 400,000இல் இருந்து 150,000 ஆக்கினால் அந்த வரியும் தானாகக் குறைந்துவிடும். தெரியாமல் செய்தீர்களா தெரிந்து செய்தீர்களா என்று வருகிற அதிகாரி கேட்பார், பில்லில் இருக்கிற கையெழுத்து உங்களுடையது.

அப்போ எப்படி எழுதுவது? இரண்டு பில்லும் முழுத் தொகையில் அப்படியே இருக்கட்டும். மூவரும் கையெழுத்திட்ட கடிதம் வந்ததும், அதே திகதியில் ஒரு ஜர்னல் வவுச்சர்: தம்பியின் கடன்கொடுத்தோர் கணக்கில் 295,000 டெபிட், கம்பனியின் கடன்பட்டோர் கணக்கில் 295,000 கிரெடிட். கீழே இரண்டு பில் இலக்கமும் கடிதத் திகதியும். பிறகு கம்பனிக்கு ஒரு ஸ்டேட்மென்ட் அனுப்புங்கள், 472,000, கழித்தது 295,000, மீதி 177,000 என்று மூன்று வரியும் தெரிகிற மாதிரி. மீதியை மட்டும் போட்ட ஸ்டேட்மென்ட் சண்டைக்கு அழைப்பு.

ஓ, இன்னொன்று. அந்தக் கம்பனி ஏற்கெனவே 472,000 ரூபாவுக்குப் பின் திகதி போட்ட செக் தந்திருக்கிறதா என்று லாச்சியைத் திறந்து பாருங்கள். கொந்தராத்துக்காரர்கள் பெரும்பாலும் செக் கொடுத்துத்தான் சரக்கு எடுப்பார்கள். எதிரீடு எழுதிவிட்டு அந்த செக்கையும் வங்கியில் போட்டால் ஒரே காசை இரண்டு தரம் எடுத்தது போலாகும், செக் திரும்பினால் உறவும் போகும். பழைய செக்கைக் கொடுத்துவிட்டு 177,000க்குப் புதியது வாங்குங்கள்.

வருடக் கணக்கு முடிக்கும்போது ஓடிட்டர் இதையே வேறு கோணத்தில் கேட்பார். சொத்தையும் கடனையும் ஒன்றோடொன்று கழித்து மிச்சத்தை மட்டும் காட்டக் கூடாது என்பதுதான் பொது விதி. கழிக்கச் சட்டப்படி உரிமையும், மிச்சத்தைத்தான் தீர்க்கப்போகிறோம் என்ற எண்ணமும் இரண்டும் இருந்தால் மட்டும் காட்டலாம் என்கிறது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32. கடைக்கு ஒரு வங்கியில் நிலையான வைப்பும் அதே வங்கியில் மேலதிகப் பற்றும் (ஓவர்ட்ராஃப்ட்) இருந்தால் இரண்டையும் தனித்தனியே காட்டச் சொல்வது இதனால்தான். மூவர் கையெழுத்திட்ட கடிதம் அங்கேயும் கை கொடுக்கும்.

இனி வங்கி. இதில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கிரெடிட் கார்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டபோது, உங்களுக்கு அதே வங்கியில் இருக்கிற வேறு கணக்குகளிலிருந்து பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பந்தி அனேகமாக இருந்திருக்கும். யாரும் வாசிப்பதில்லை, நானும் சனங்களைக் குறை சொல்ல மாட்டேன், எழுத்து அவ்வளவு பொடி. முதலில் அந்தப் பந்தி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பிரதி கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன கேள்விகளை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: கார்ட்டும் உங்கள் பெயரில், சம்பளக் கணக்கும் உங்கள் பெயரில் மட்டும் என்றால் ஆள் ஒன்றுதான். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்காகவோ, தங்கையின் பெயரில் நீங்கள் பாதுகாவலராக நடத்துகிற சிறுவர் கணக்காகவோ இருந்து அதில் எடுத்திருந்தால் கதை வேறு, கட்டாயம் சண்டை பிடிக்க வேண்டும். தவணை வந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். கட்ட வேண்டிய கடைசித் திகதி தாண்டிய தொகையை மட்டும் எடுத்தார்களா, இல்லை இன்னும் நாள் இருக்கிற தொகையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா? 38,000 என்பது இரண்டில் எது என்று ஸ்டேட்மென்ட்டை வைத்துப் பார்த்தால் தெரியும்.

கூடுதலாக எடுத்திருந்தால், அல்லது எந்த அறிவித்தலும் இல்லாமல் எடுத்திருந்தால், முதலில் கிளையில் எழுத்தில் முறைப்பாடு. பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தமிழிலும் பேசலாம். பாக்கி இன்னும் மிச்சம் இருந்தால் அடுத்த சம்பளம் விழும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கிளைக்குப் போய் மாதத் தவணை கேளுங்கள். சம்பளம் முழுதும் எடுபட்டால் வாடகை கட்ட முடியாது என்று சம்பளச் சீட்டோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் காட்டினால் பெரும்பாலான கிளைகள் ஏதாவது ஏற்பாட்டுக்கு வரும். பொதுவாக எல்லோருக்கும் நான் சொல்வது, கடன் வைத்திருக்கிற வங்கியிலேயே சம்பளத்தையும் போடாதீர்கள் என்று. சலுகை வட்டி கொடுத்து இழுப்பார்கள், அந்தச் சலுகை இந்தப் பந்திக்காகத்தான்.

ஊரில் அம்மா அப்பாவுக்கு நிலையான வைப்பு இருந்தால் இதே சொல் இன்னொரு பக்கமிருந்தும் வரும். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கிறது. வருமான வரி கட்டுகிறவர் அந்த 10 சதவீதத்தை வருட முடிவில் தன் வரியோடு கழித்துக்கொள்ளலாம். வரியே வராதவருக்கு எதோடு கழிப்பது? வருட வருமானம் 1.8 மில்லியன் ரூபாவுக்குள் இருக்கிறவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கவே மாட்டார்கள். இந்தப் படிவத்தைக் கொடுக்காமல் இருக்கிற வயதானவர்கள் கொழும்பிலேயே எத்தனையோ பேர்.

தங்கைக்கு. அன்றாட இங்கிலீஷில் இந்தச் சொல் கடன் கணக்கு இல்லாத இடத்திலும் வரும்: ஒரு பக்கத்து நட்டத்தை இன்னொரு பக்கத்து லாபம் ஈடுகட்டுவது. வத்தளையில் வாடகை குறைவு, ஆனால் வெள்ளவத்தை ஒபீஸுக்குப் போய்வர பஸ் காசும் நேரமும் அந்த லாபத்தைத் தின்றுவிடுகிறது என்றால், குறைந்த வாடகை பயணச் செலவால் ‘ஒஃப்செட் பை’. இங்கே ‘பை’ வரும். சம்பள அட்வான்ஸை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிப்பது ‘ஒஃப்செட் எகேன்ஸ்ட்’. இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டால்தான் உங்கள் மெனேஜர் மெயிலில் வந்த மாதிரி வினை வரும்.

பத்திரிகையில் கம்பனிகளின் லாப நட்டச் செய்தியைப் படித்தால் ‘பார்ட்லி ஒஃப்செட்’ என்று அடிக்கடி காணலாம், ஓரளவுக்குத்தான் ஈடுகட்டியது என்று பொருள். இறக்குமதி டைல்ஸ் நிறுத்தப்பட்டிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள், கடைகளுக்குச் சரக்கு இல்லை, ஆனால் இருந்த சரக்கின் விலை ஏறியது, விற்ற அளவு குறைந்ததை விலை ஓரளவுக்கு ஈடுகட்டியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியபோது ஆடை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு மின்சாரம், டீசல், துணி எல்லாம் விலை ஏறியது, அவர்களுக்கு வருமானம் வருவது டொலரில் என்பதால் அந்தச் செலவு ஓரளவுக்கு ஒஃப்செட் ஆனது. எங்களைப் போல ரூபாவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈடுகட்ட ஒன்றும் இருக்கவில்லை.

விமான டிக்கெட் எடுக்கிற இடத்தில் கொஞ்சம் காசு கூடக் கட்டி உங்கள் பயணத்தின் கார்பனை ஒஃப்செட் செய்யலாம் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஒரு கிரெடிட் என்பது ஒரு தொன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்தப் புகை ஆகாயத்தில்தான் இருக்கும், வேறெங்கோ மரம் நட்டோ சோலார் போட்டோ அதே அளவைக் குறைத்ததாகக் கணக்கு. அந்த மரத்துக்கு வேறு யாரும் ஏற்கெனவே காசு கட்டவில்லையா, காசு இல்லாவிட்டால் அந்த மரம் நடப்பட்டே இருக்காதா என்று கேட்டால்தான் கணக்கு நிற்கும். நான் அந்தப் பெட்டியை டிக் பண்ணுவதில்லை, பண்ணுகிறவர்களைத் தடுப்பதும் இல்லை.

அச்சகத்து ஒஃப்செட் வேறு தொழிலின் சொல். மை பூசிய தகடு தாளில் நேரே படாது, முதலில் ரப்பர் உருளையில் பதிந்து அதிலிருந்து தாளுக்குப் போகும், அதனால் அந்தப் பெயர். தாளுக்கான இந்த முறையை 1904 அளவில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவர் கண்டார். கணக்கோடு அதற்கு உறவு இல்லை.

பரீட்சையில் தங்கை பிழை விடக்கூடிய இடம் இதுதான்: இறந்தகாலத்திலும் ‘ஒஃப்செட்’ தான், ‘கட்’, ‘புட்’ போல மாறாது. ‘ஒஃப்செட்டெட்’ என்று எழுதினால் புள்ளி போகும். ‘இங்’ சேர்க்கும்போது மட்டும் ‘டீ’ எழுத்து இரண்டு.